முதல் அடியிலேயே குத்தும் குதிகால்: ஓய்வா, ஊசியா, பயிற்சியா?

கேள்வி: எனக்கு வயது 47. பள்ளி ஆசிரியை, நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் வேலை. ஏழு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தாலே உயிர் போகிறது. பத்துப் பதினைந்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே வலி. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு வாரம் அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்தார்கள். வைத்த அன்று சுகமாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். ஒருவர் ஊசி போட்டால் போய்விடும் என்கிறார், இன்னொருவர் முழு ஓய்வு எடுக்கச் சொல்கிறார், மூன்றாமவர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். பயிற்சியும் செய்து பார்த்தேன். தினமும் நூறு முறை குதிகாலைத் தூக்கி இறக்கியதில் ஒரு வாரத்துக்குள் வலி கூடியதுதான் மிச்சம். காலை நடையை நிறுத்திவிட்டேன், எடை ஏறுகிறது. அந்த முள்ளை எடுத்தால்தான் வலி போகுமா? பயிற்சி என்றால் எதை, எப்படி, எத்தனை நாள் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முள்ளைப் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அந்த முள்ளை எடுக்கத் தேவையில்லை. படத்தில் கூராகத் தெரிவதால், நடக்கும்போதெல்லாம் அது சதையில் குத்துகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது விரல்களைப் பார்த்து முன்பக்கமாக நீளும், தரையைப் பார்த்து அல்ல. குதிகால் வலி என்றால் என்னவென்றே அறியாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் இதே முள் இருக்கும். வலி முழுக்கச் சரியாகி நன்றாக நடமாடுகிறவர்களுக்கு மறுபடி படம் எடுத்துப் பார்த்தாலும் முள் அதே இடத்தில் அப்படியே இருக்கும். ஆகவே அந்தப் படத்தை உறையில் போட்டு மூடிவையுங்கள். 'எலும்பே வளர்ந்துவிட்டது, இனி பயிற்சியால் என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணத்தையும் அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அந்த எண்ணத்தால் பயிற்சியைத் தொடங்காமலே விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலையின் முதல் அடியில் குத்து, நடந்தால் இளகுவது, உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருவது, நின்றே செய்யும் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. இவ்வளவும் சேர்ந்தால் அது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ்தான், அதாவது உள்ளங்கால் நார்ப்பட்டையில் வரும் கோளாறு. வாழ்நாளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிற தொந்தரவு இது; 40 முதல் 60 வயதுக்குள் அதிகம். உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலின் அடிப்பக்கத்தில் முன் ஓரத்தை, உள்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் 'ஆ' என்று வலித்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. அப்படியில்லாமல் வேறெங்கோ வலித்தால் என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த இடத்தில்தான் ஒரு தடித்த நார்ப்பட்டை தொடங்குகிறது. பெயர் பிளான்டார் ஃபேசியா. குதிகால் எலும்பில் பிடித்துக்கொண்டு, உள்ளங்கால் முழுக்க விரிந்து, விரல்களின் அடிவரை போகிறது. பாதத்தின் வளைவு ஒரு வில் என்றால் இதுதான் அதன் நாண். உடம்பின் எடை மேலிருந்து இறங்கும்போது அந்த வளைவு தட்டையாகிவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது இதன் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழுந்து, விரல்கள் மேல்நோக்கி மடங்கும் நேரத்தில், இந்தப் பட்டை விரல்களின் அடியில் சுற்றிக்கொண்டு இறுகும்; பாதம் விறைப்பாகும்; அந்த விறைப்பை ஊன்றித்தான் உடம்பை முன்னே தள்ளுகிறோம். இதை 1954-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விவரித்து எழுதினார். நீங்களே பார்க்கலாம்: காலை மடியில் வைத்தபடியே கால் கட்டைவிரலை மேல்நோக்கி வளையுங்கள். உள்ளங்காலின் உள்பக்கம் ஒரு கயிறு புடைத்து எழும். அதுதான் அந்தப் பட்டை. கீழே நான் சொல்லப்போகிற இரண்டு முக்கியமான பயிற்சிகளும் இந்த ஒரு அசைவை வைத்துத்தான்.

இந்தப் பட்டையில் உங்களுக்கு என்ன நடந்திருக்கிறது? பெயரில் 'ஐட்டிஸ்' இருப்பதால் வீக்கமும் அழற்சியும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2003-இல் லெமான்ட் குழுவினர், 50 பேருக்கு இந்த வலிக்காகச் செய்த அறுவை சிகிச்சைகளில் எடுத்த திசுக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றில் எதிர்பார்த்த அழற்சி இல்லை. நார்கள் ஒழுங்கு குலைந்து, நைந்து, தேய்ந்துபோயிருந்தன. நாள்பட்ட குதிகால் வலியில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நாள்தோறும் சுமை விழுந்து, பழுதுபார்க்க உடம்புக்கு அவகாசம் கிடைக்காமல் திசு நலிந்துபோகிறது. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், வைத்தியம் முழுக்க இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அழற்சி என்றால் அடக்கினால் போதும். நலிந்த திசுவை அடக்கிப் பயனில்லை. அதை மறுபடி பலப்படுத்தவேண்டும். நார்த்திசு பலப்படுவதற்கு அளவான சுமை வேண்டும்.

முழு ஓய்வு எடுக்கச் சொன்னவரின் ஆலோசனை அரைகுறையாக நிற்பது இங்கேதான். ஓய்வு எடுத்தால் வலி குறையும், சந்தேகமில்லை. கோடை விடுமுறையில் உங்களுக்கே குறைந்திருக்கலாம். ஆனால் ஓய்வில் இருக்கும்போது திசுவின் தாங்கும் சக்தியும் சேர்ந்து குறைகிறது. திரும்பப் பள்ளிக்குப் போய் முதல் வாரம் நின்றவுடன் வலி முன்னைவிட வேகமாக வந்து சேரும். தேவை ஓய்வும் அல்ல, நூறு தடவை எம்பி எம்பிச் செய்வதும் அல்ல. சுமையைக் கொஞ்சம் குறைத்து, தாங்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது.

இப்போது உங்கள் அந்த ஒரு வாரப் பயிற்சிக்கு வருகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்தது தவறான பயிற்சி இல்லை. அளவுதான் தவறு. நாள் முழுக்க நின்று ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பட்டையின்மேல், இடைவெளி இல்லாமல் தினமும் நூறு முறை, அதுவும் அநேகமாக வேகமாக. வலி கூடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அதைப் பார்த்துவிட்டு 'எனக்குப் பயிற்சி ஒத்துக்கொள்ளாது' என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

முதல் பயிற்சி, கட்டிலில் இருந்தபடியே செய்வது. நாளை காலையிலிருந்தே தொடங்கலாம். கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்கவேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது கணுக்காலை இடது முழங்காலின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் அடியோடு சேர்த்துப் பிடியுங்கள். விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் நுனி மட்டும்தான் வளையும், பட்டை இறுகாது. விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கவேண்டும். அப்படியே பாதத்தை முழங்காலை நோக்கி மேலே வளையுங்கள். இடது கைக் கட்டைவிரலை உள்ளங்காலில் வைத்துத் தடவிப் பாருங்கள்: அந்தக் கயிறு விறைத்து நிற்கவேண்டும். நின்றால் சரியாகச் செய்கிறீர்கள். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் வளையுங்கள். பத்து வினாடி பிடித்து, விட்டு, மறுபடி. பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலையில் முதல் அடிக்கு முன்னால் ஒன்று கட்டாயம்; பகலில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது ஒன்று. மூன்றாவது, உங்கள் வசதிப்படி. 2003-இல் அமெரிக்காவில் டிஜோவானி குழுவினர் பத்து மாதத்துக்கும் மேலாக இந்த வலியால் அவதிப்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், இப்படிப் பட்டையையே நேராக இழுத்துவிட்டவர்களுக்கு, வெறும் கெண்டைக்காலை இழுத்துவிட்டவர்களைவிட எட்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது.

இரவு முழுக்கப் பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி கிடப்பதால், பட்டை சுருங்கிய நிலையிலேயே விறைத்துப்போகிறது. அந்த நிலையில் ஒரேயடியாக முழு உடம்பின் எடையும் அதன்மேல் இறங்குவதுதான் உங்கள் முதல் அடி. முன்கூட்டி இழுத்துவிட்டால் அந்தத் திடீர் அதிர்ச்சி குறையும். இழுத்து முடித்ததும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெத்தென்ற செருப்பை வைத்திருந்து, அதில் காலை நுழைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

இரண்டாவது பயிற்சிதான் உங்களுக்கு உண்மையான வைத்தியம். குதிகாலைத் தூக்குவதேதான், ஆனால் வேறு விதமாக. ஒரு துண்டைச் சுருட்டிக்கொள்ளுங்கள். மாடிப்படியின் கீழ்ப்படியிலோ, அசையாத ஒரு பலகைமேலோ துண்டை ஓரத்தில் வைத்து, விரல்கள் துண்டின்மேல் மடங்கி இருக்கும்படி பாதத்தின் முன்பகுதியைப் படியில் ஊன்றி நில்லுங்கள். குதிகால் படிக்கு வெளியே அந்தரத்தில் இருக்கும். கைப்பிடியையோ சுவரையோ பிடித்துக்கொள்ளுங்கள். இனி மெதுவாக, மூன்று வினாடி எடுத்துக்கொண்டு, முடிந்த உயரம்வரை எழுங்கள். மேலே இரண்டு வினாடி நில்லுங்கள். திரும்ப மூன்று வினாடியில், குதிகால் படியை விடக் கீழே போகும்வரை இறங்குங்கள். ஒரு முறைக்கு எட்டு வினாடி. வாய்விட்டே எண்ணுங்கள். எண்ணாவிட்டால் எல்லோருக்குமே மூன்று வினாடி ஒன்றரையாகிவிடுகிறது, இறங்கும்போது இன்னும் மோசம்.

துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். அது விரல்களை மேல்நோக்கி மடக்கி வைக்கிறது. மேலே எழும்போது இன்னும் மடக்குகிறது. மடங்கும்போது பட்டை இறுகும் என்று முன்னே பார்த்தோம். ஆகத் துண்டு இருந்தால் கெண்டைக்கால் தசையோடு சேர்த்து, நலிந்துபோன அந்தப் பட்டையும் சுமை ஏற்கும். துண்டு இல்லாமல் செய்தால் பெரும்பாலும் கெண்டைக்கால்தான் பலமாகும். சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் விடுவது இதைத்தான்.

எத்தனை முறை என்பது எண்ணிக்கையை வைத்து அல்ல, உங்கள் சக்தியை வைத்து. முதலில் இரண்டு காலிலும் எழுந்து பாருங்கள். பன்னிரண்டு முறை சுலபமாக முடிந்தால், வலிக்கிற காலில் மட்டும் எழுந்து பாருங்கள். பன்னிரண்டாவது முறை திணறவேண்டும், பதின்மூன்றாவது முடியாமல் போகவேண்டும். அதுதான் உங்கள் அளவு. ஒற்றைக்காலில் ஐந்தே முறைதான் வருகிறது என்றால், இரண்டு காலில் எழுந்து, வலது காலில் அதிக எடையை வைத்து இறங்குங்கள். அப்படிப் பன்னிரண்டு முறை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி, மொத்தம் மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும். இந்த ஓய்வுநாளை விடாதீர்கள். திசு தன்னைக் கட்டிக்கொள்வது அன்றைக்குத்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதுகில் ஒரு பையைப் போட்டு அதில் புத்தகங்களை வைத்து எடையை ஏற்றுங்கள். பத்து முறைக்கு மேல் முடியாத அளவு எடை, நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து எட்டு முறைக்கு மேல் முடியாத எடை, ஐந்து சுற்று. பையில் எத்தனை புத்தகம் வைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இந்த முறையை டென்மார்க்கில் ரத்லெஃப் குழுவினர் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். 48 பேரில் பாதிப் பேர் மேலே சொன்ன இழுவைப் பயிற்சியைச் செய்தார்கள், மீதிப் பேர் துண்டு வைத்துக் குதிகாலைத் தூக்கினார்கள். இரு பிரிவுக்கும் செருப்புக்குள் வைக்கும் ஜெல் திண்டு கொடுத்தார்கள். மூன்று மாதத்தில், எடை தூக்கியவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு பிரிவும் ஏறக்குறையச் சமமாகிவிட்டன. அதாவது இரண்டும் வேலை செய்கிறது, பலப்படுத்துவது சீக்கிரம் வேலை செய்கிறது. தினம் நின்று பாடம் நடத்தவேண்டிய உங்களுக்கு முன்னதாகக் குறைவது சாதாரண விஷயமா? அதனால்தான் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன்.

வலித்தால் நிறுத்தவேண்டுமா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாததால்தான் பாதிப் பேர் பாதியில் விடுகிறார்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. வலியே இல்லை என்பது பூச்சியம், தாங்கவே முடியாது என்பது பத்து என்று வைத்துக்கொண்டால், மூன்று நான்குவரை விட்டுவிடலாம். முக்கியமாகப் பார்க்கவேண்டியது மறுநாள் காலையின் முதல் அடியை. நேற்றைய அளவிலேயே இருந்தால், அல்லது குறைந்திருந்தால், நேற்றுச் செய்தது சரியான அளவு, தொடருங்கள். கூடியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போதும் நிறுத்தவேண்டாம், அடுத்த முறை சுற்றைப் பாதியாக்குங்கள், அல்லது எடையைக் குறையுங்கள். பயிற்சி மட்டுமல்ல, முந்தைய நாள் எவ்வளவு நின்றீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், என்ன செருப்புப் போட்டீர்கள் எல்லாவற்றுக்கும் அந்த முதல் அடிதான் கணக்கு. தினம் காலையில் ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும்; மனம் தளரவேண்டாம். வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும்.

கெண்டைக்காலையும் பார்த்துவிடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரல் நுனியைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். இடது காலில் சுலபமாகத் தொட்டு, வலது காலில் முடியாவிட்டால் அந்தக் கணுக்கால் இறுகிக் கிடக்கிறது. கணுக்கால் மடங்காதபோது அந்தக் குறையைப் பாதம்தான் தட்டையாகி ஈடுகட்டும், பட்டையை அது இன்னும் இழுக்கும். இந்த வலி வருவதற்கான காரணங்களில் கணுக்கால் இறுக்கம், நாள் முழுக்க நிற்கும் வேலை, அதிக எடை மூன்றும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை. இறுக்கம் இருந்தால், சுவரில் கைவைத்து, வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விடாமல் முன்னே சாயுங்கள். முழங்காலை நேராக வைத்து அரை நிமிடம், லேசாக மடக்கி வைத்து அரை நிமிடம். நேராக வைத்தால் மேலடுக்குத் தசையும், மடக்கினால் உள்ளடுக்குத் தசையும் இழுபடும். மூன்று தடவை, தினமும்.

சுமையைக் குறைக்கும் பாதிக்கு வருவோம். வகுப்பில் நிற்பதை அடியோடு நிறுத்தமுடியாது, தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது, நடந்துகொண்டே பாடம் நடத்துவதைவிடப் பட்டைக்குக் கெடுதல். பாடத்தை எழுதவைக்கும் நேரம், நோட்டுத் திருத்தும் நேரம் இவற்றையாவது உட்கார்ந்து செய்யுங்கள். முதல் மூன்று மாதம் கடினமான தரையில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம், வீட்டுக்குள்ளும்தான். அடிப்பாகம் தேய்ந்து மெலிந்த தட்டைச் செருப்பைத் தூர வையுங்கள். குதிப்பகுதி முன்பகுதியைவிடச் சற்று உயர்ந்து, பாத வளைவுக்குத் தாங்கல் இருக்கும் செருப்போ ஷூவோ போதும். பாதத்தை அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த உள்திண்டு அவசியம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. பாதத்தில் டேப் ஒட்டுவது முதல் சில வாரங்களில் முதல் அடி வலியை நன்றாகக் குறைக்கும். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை ஒட்டிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

நடையை விட்டதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது. எடை ஏறினால் அந்தச் சுமையும் இதே பட்டையின்மேல்தான். சமதளத்தில், நல்ல ஷூவோடு, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் முதல் அடி சம்மதித்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். மிச்ச உடற்பயிற்சிக்கு சைக்கிளோ நீச்சலோ இருந்தால் குதிகாலைத் தொடாமல் உடம்புக்கு வேலை கொடுக்கலாம்.

அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். சூடாக, இதமாக இருக்கும். வைத்துவிடுகிறவரின் அக்கறையும் உண்மைதான். ஆனால் மெஷினை ஓட்டாமல் சும்மா தேய்த்தவர்களோடு ஒப்பிட்டபோது குதிகால் வலியில் அது கூடுதலாக எதுவும் சாதிக்கவில்லை. இந்தத் துறையின் வழிகாட்டு நெறிகளும் இதை வேண்டாம் என்றே சொல்கின்றன. பிசியோதெரபி என்றால் படுத்துக்கொண்டு மெஷின் வைத்துக்கொள்வது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்த வலிக்கு அப்படி இல்லை. வேலை செய்யவேண்டியது உங்கள் கால்.

ஸ்டீராய்டு ஊசியைப் பொறுத்தவரை, அது வலியைக் குறைப்பது உண்மை. பெரும்பாலும் சில வாரங்களுக்கு. அதற்கப்புறம் போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலுக்கு அடியில் மெத்தையாக இருக்கும் கொழுப்புத் திண்டு கரையவும் வாய்ப்பு உண்டு. கரைந்த திண்டு எளிதில் திரும்ப வளராது. சர்க்கரை நோய் இருந்தால் சில நாள் சர்க்கரை ஏறும். வலி மிகக் கடுமையாகிப் பயிற்சியே தொடங்க முடியாத நிலையில், நன்மை தீமையை மருத்துவரோடு பேசி ஒருமுறை போட்டுக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். வலி அடங்கிவிட்டது என்று பயிற்சியை விட்டுவிட்டால்தான் அந்த ஊசி வீண். ஒழுங்காக மூன்று மாதம் செய்தும் போதுமான அளவு குறையவில்லை என்றால், அடுத்ததாக, வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சையைக் கேளுங்கள். நாள்பட்ட வலிக்கு அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான் தேவைப்படும்.

இவ்வளவும் நான் சொன்னது, வலி நான் சொன்ன இடத்தில் இருந்தால். குதிகாலின் நட்ட நடுவில், வெறுங்காலோடு கடினத் தரையில் நடக்கும்போது மட்டும் வலித்தால் அது கொழுப்புத் திண்டின் பிரச்சினையாக இருக்கலாம். குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் சேர்த்து உள்ளங்கைகளால் நெருக்கும்போது கடுமையாக வலித்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அப்படியானால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். எரிச்சல், மரத்துப்போவது, ஊர்வது போன்றவை இருந்தால் நரம்பைச் சோதிக்கவேண்டும். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பும் முதுகும் விறைத்திருந்தால், அது வாத நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ராத்திரியில் படுத்திருக்கும்போதே வலித்து எழுப்புவது, சிவப்பு, வீக்கம், காய்ச்சல், 'டப்' என்று அறுந்த உணர்வோடு வந்த திடீர் வலி, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ஐஸ் ஒத்தடமோ சூட்டு ஒத்தடமோ வைக்காதீர்கள். உள்ளங்காலில் பாட்டில், பந்து உருட்டுவதும் வேண்டாம். காயம் பட்டாலும் தெரியாது.

எவ்வளவு நாள் ஆகும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள், உட்கார்ந்து எழும்போது வரும் வலி குறையத் தொடங்கும். காலை முதல் அடி பெரும்பாலும் கடைசியில்தான் பணியும். பன்னிரண்டு வாரம் முழுசாகச் செய்தபின்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது, அறுவை சிகிச்சை இல்லாமலேயே. வலி நின்ற பிறகும் இன்னும் இரண்டு மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாளாவது படியில் ஏறி நில்லுங்கள். வலி முதலில் போய்விடும், திசு பலமாவதற்கு அதைவிட நாளாகும்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது படுக்கைக்குப் போகாமல், ஒற்றைக்காலில் எத்தனை முறை எழமுடிகிறது என்று அவரை நின்று எண்ணச் சொல்லுங்கள். இடது காலையும் எண்ணச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்து அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் குறித்துவைத்த காலை எண்களையும், பையின் எடையையும் கையோடு கொண்டு போங்கள். அடுத்து எடையைக் கூட்டுவதா, குறைப்பதா என்று அந்தத் தாளைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.